நான்கால் வகுபட வேண்டிய எண்

மைசூருக்கு வருவோர் பெரும்பாலும் பெரிய அரண்மனையைக் கண்டு முடித்ததும் அருகிலுள்ள ஜகன்மோகன் அரண்மனைக்கும் ஒரு நடை சென்று வருவர். 1861ஆம் ஆண்டு எழுந்த அந்த மாளிகை மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தது. ஐந்து வயதுச் சிறுவராக 1799இல் அரியணை ஏறியவர் அவர். 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1868இல் அவர் மறையும் வரை அது அவரிடம் திரும்பவில்லை. பட்டம் இருந்தும் பணி இல்லாத அந்த முப்பத்தேழு ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. ஓவியர்களையும் புலவர்களையும் ஆதரித்தார், நூல்களைத் தொகுப்பித்தார், பலகை ஆட்டங்களைப் புதிது புதிதாகப் படைத்தார். அவர் பெயரால் வழங்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருந்தொகுப்பின் ஒன்பது பகுதிகளில் இறுதியானது ‘கௌதுகநிதி’. அது முழுவதும் விளையாட்டுகளைப் பற்றியதே.

சதுரங்கக் காய்களுள் அவரைப் பெரிதும் ஈர்த்தது குதிரை. ஒரு பக்கம் இரண்டு கட்டம், அதற்குக் குறுக்கே ஒரு கட்டம் என வளைந்து தாவும் இக்காயைக் கொண்டு, பலகையின் 64 கட்டங்களையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு முறை மட்டும் கால்பதித்துக் கடப்பது ஒரு பழைய புதிர். இதனைக் குதிரைச் சுற்று என்பர். மும்மடி உடையார் இத்தகைய சுற்றுகளை அமைப்பதில் வல்லவர் என்று சதுரங்க வரலாற்றில் பெயர் பெற்றவர். அரசு அலுவல் இல்லாத ஓர் அரசர் 64 கட்டங்களுக்குள் ஆட்சி நடத்தினார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இப்புதிர் மைசூரில் பிறந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ருத்ரடர் தம் ‘காவ்யாலங்கார’த்தில், குதிரை நடையில் படிப்பதற்கென்றே அமைத்த செய்யுளைத் தந்துள்ளார். தமிழ் மண்ணில் இதன் மிக அழகிய எடுத்துக்காட்டு வேதாந்த தேசிகருடையது. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268இல் பிறந்த அவர், அரங்கனின் பாதுகைகளைப் போற்றி ‘பாதுகா சஹஸ்ரம்’ இயற்றினார். அதன் சித்திர பத்ததியில் அடுத்தடுத்து இரண்டு சுலோகங்கள் உள்ளன. முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிக்கு எட்டாக நான்கு வரிகளில் எழுதி, அக்கட்டங்களின் மேல் குதிரையைத் தாவவிட்டால், அது தொட்டுச் செல்லும் எழுத்துகள் இரண்டாம் சுலோகமாக வந்து நிற்கும். பக்தியும் இலக்கணமும் கணக்கும் ஒரே இடத்தில் கூடும் அந்த வித்தையை மொழிபெயர்க்க இயலாது; கட்டம் போட்டுப் பார்த்துத்தான் வியக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஆய்லர் 1759ஆம் ஆண்டுக்குரிய தம் கட்டுரையில் இதனை முறையான கணிதமாக ஆராய்ந்தார். அதற்குப் பின் ஒரு கேள்வி மட்டும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது. இத்தகைய சுற்றுகள் மொத்தம் எத்தனை?

கேள்வியைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வோம். 64ஆம் கட்டத்திலிருந்து ஒரே தாவலில் முதல் கட்டத்துக்குத் திரும்ப முடியுமானால் அது மூடிய சுற்று; கழுத்தில் அணியும் மாலை போல, தொடக்கமும் முடிவும் இல்லாதது. அதனை எக்கட்டத்திலிருந்து தொடங்கினாலும், எத்திசையில் சென்றாலும் ஒரே சுற்றாகவே கொள்ள வேண்டும். இந்த வரையறையின்படி எட்டுக்கு எட்டுப் பலகையில் அமையும் மூடிய சுற்றுகளின் எண்ணிக்கை:

1,32,67,36,44,10,532

பதிமூன்று லட்சத்து இருபத்தாறாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு கோடியே நாற்பத்துநான்கு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு. காசோலையில் எழுத்தால் எழுதுவதானால் ஒரு வரி போதாது. வங்கியாளருக்கு இதன் அளவை உணர்த்த எளிய வழி ஒன்று உண்டு. 2016 நவம்பரில் செல்லாதவை என அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய்த் தாள்களின் மொத்த மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அத்தொகையை ஒவ்வொரு ரூபாய் நாணயமாகப் பரப்பி வைத்தால் எத்தனை நாணயங்களோ, ஏறத்தாழ அந்த வரிசையில் நிற்கும் எண் இது. சற்றே குறைவு, அவ்வளவுதான். நொடிக்கு ஒரு சுற்று வீதம் இடைவிடாது எண்ணினால் முடிக்க 4 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

ஆகவே எவரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. கணினியும் கூடக் குறுக்கு வழிகளால்தான் எண்ணியது. அப்படி எண்ணிய கதையில் ஒரு கணக்கருக்குப் பிடித்தமான திருப்பம் உள்ளது.

தலைப்பிலேயே நின்றுவிட்ட பிழை

1996ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் லோபிங், இங்கோ வேகனர் இருவரும் ஒரு கணித ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். குதிரைச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கண்டறிந்துவிட்டதாக அறிவித்து, அந்த எண்ணைக் கட்டுரையின் தலைப்பிலேயே பொறித்தனர். அவர்கள் தந்த எண் 3,34,39,12,34,84,294.

உண்மை எண்ணைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் அன்று உண்மை எண் எவருக்கும் தெரியாதே! பதினான்கு இலக்க விடையைச் சரிபார்க்க இன்னொரு பதினான்கு இலக்க விடை கையில் இல்லை. மீண்டும் எண்ணிப் பார்க்கவும் எளிதில் இயலாது. இந்நிலையில் அந்த எண் பிழையானது என்பதைக் காட்டிக்கொடுத்தவை அதன் கடைசி இரண்டு இலக்கங்கள்.

ஓர் எண் நான்கால் வகுபடுமா என்று அறிய, அதன் இறுதி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். நூறு நான்கால் வகுபடுவதால் முன்னுள்ள இலக்கங்கள் பொருட்டல்ல. பள்ளியில் படித்ததுதான். 94ஐ நான்கால் வகுத்தால் மீதி 2. குதிரைச் சுற்றுகளின் எண்ணிக்கையோ நான்கால் மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும். எனவே அந்த எண் சரியாக இருக்க வாய்ப்பே இல்லை. கணினி பல காலம் உழைத்துத் தந்த விடையை ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒரு நொடியில் மறுத்துவிடலாம்.

அவ்விருவரும் மறைக்க முயலவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எண் தவறு என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டனர். ஆயினும் அச்சேறிய தலைப்பு அப்படியே இருக்கிறது. இன்றும் அக்கட்டுரையைத் தேடுவோர் தவறான எண்ணைச் சொல்லித்தான் தேட வேண்டியிருக்கிறது. பேரேட்டில் அழித்தெழுதக் கூடாது, பிழையைத் திருத்தப் பதிவால்தான் நேர்செய்ய வேண்டும் என்ற நமது பழைய விதியை இது எனக்கு நினைவூட்டுகிறது.

அடுத்த ஆண்டு, 1997 பிப்ரவரியில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே நான் மேலே தந்த எண்ணை வெளியிட்டார். இறுதி இரண்டு இலக்கங்கள் 32. நான்கால் வகுபடுகிறது.

ஏன் நான்கு?

இங்கேதான் சுவை தொடங்குகிறது. பலகையில் ஒரு சுற்றைக் கோடுகளால் வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கால் வட்டம் திருப்புங்கள். வேறொரு படம் தெரியும். மீண்டும் கால் வட்டம், மீண்டும் கால் வட்டம்: நான்கு படங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் காட்டினால் இன்னும் நான்கு. ஆக ஒரு சுற்று எட்டுத் தோற்றங்களைத் தரும். அவை எட்டும் வெவ்வேறாக இருந்தால் அந்தக் குடும்பத்தில் எட்டு உறுப்பினர்கள். எல்லாக் குடும்பங்களும் இப்படியே இருந்தால் மொத்த எண்ணிக்கை எட்டால் வகுபட வேண்டும்.

ஆனால் சில சுற்றுகள் சமச்சீரானவை. நம் வாசலில் இடும் சில கோலங்களைத் தலைகீழாக நின்று பார்த்தாலும் அதே கோலம் தெரியும் அல்லவா? அதுபோல அரை வட்டம் திருப்பினாலும் மாறாத சுற்றுகள் உண்டு. அவற்றின் எட்டுத் தோற்றங்கள் இரண்டிரண்டாக ஒன்றிவிடுவதால் குடும்பத்தில் நால்வரே எஞ்சுவர். அதனினும் மிகுந்த சமச்சீர், அதாவது கால் வட்டம் திருப்பினாலும் மாறாத சுற்று இருந்தால், குடும்பம் இரண்டாகச் சுருங்கிவிடும். அப்போது நான்கால் வகுபட வேண்டும் என்ற விதியே உடைந்துபோகும்.

எட்டுக்கு எட்டுப் பலகையில் அத்தகைய சுற்று இருக்க முடியாது. காரணம் பலகையின் நிறங்கள். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ, வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ மாறும். இரட்டைப்படைத் தாவல்களுக்குப் பின் புறப்பட்ட நிறத்திலேயே நிற்கும். இப்போது பலகையைக் கால் வட்டம் திருப்புங்கள். இடப்பக்கக் கீழ்மூலை கறுப்பு, வலப்பக்கக் கீழ்மூலை வெள்ளை. திருப்பியதும் ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வந்துவிடும். அதாவது கால் வட்டத் திருப்பம் ஒவ்வொரு கட்டத்தையும் எதிர்நிறத்தின் இடத்துக்குக் கொண்டு செல்கிறது. திருப்பிய பின்னும் சுற்று மாறாமல் இருக்கிறதென்றால், அத்திருப்பம் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றின் வழியே கால் பங்கு தூரம் நகர்த்தியிருக்க வேண்டும். 64இல் கால் பங்கு 16 தாவல்கள். 16 இரட்டைப்படை, ஆகவே நிறம் மாறக் கூடாது. ஆனால் திருப்பமோ நிறத்தை மாற்றிவிட்டது. இரண்டும் ஒருங்கே நிகழ இயலாது. கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றும் சுற்றுகளும் இவ்வாறே விலக்கப்படுகின்றன. ஆகவே குடும்பங்கள் எட்டு பேர் கொண்டவை, நால்வர் கொண்டவை என இரண்டே வகை. மொத்தம் எப்படியும் நான்கின் மடங்கு.

இது எல்லாப் பலகைக்கும் பொருந்தும் விதி என்று எண்ணிவிட வேண்டாம். ஆறுக்கு ஆறுப் பலகையில் 36 கட்டங்கள். கால் பங்கு 9, ஒற்றைப்படை. அங்கே முரண்பாடு எழவில்லை. கால் வட்டத் திருப்பத்துக்கு மாறாத சுற்றுகளும் உண்டு. அந்தச் சிறிய பலகையின் கணக்கு கைக்கடக்கமானது என்பதால் முழுவதையும் தருகிறேன். எட்டு பேர் கொண்ட குடும்பங்கள் 1,223. நால்வர் கொண்டவை 17. இருவர் கொண்டவை 5. பெருக்கிக் கூட்டினால் 9,784, 68, 10. மொத்தம் 9,862 சுற்றுகள். நான்கால் வகுத்தால் மீதி 2 வருகிறது, வர வேண்டியதும் அதுவே. ஆறு கட்டப் பலகையில் முறையான மீதி, எட்டு கட்டப் பலகையில் குற்றச் சான்றாகிறது. விதியைப் பொருத்துமுன் அது எந்தப் பலகைக்கு உரியது என்று பார்க்க வேண்டும் என்பதில்தான் கணிதர்களின் கவனம் தெரிகிறது.

ஐந்துக்கு ஐந்துப் பலகையில் 25 கட்டங்கள், ஒற்றைப்படை. குதிரை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மூடிய சுற்றை முடிக்க வழியில்லை. திறந்த சுற்றுகள் மட்டுமே உண்டு. தொடக்கத்தையும் திசையையும் கணக்கில் கொண்டால் அவை 1,728. இராமானுஜன் பெயரோடு நாம் மறவாத 1,729க்கு ஒன்று குறைவு. பொருள் ஏதுமற்ற தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒரு ஐந்தொகை

மெக்கே மொத்த எண்ணிக்கையை மட்டும் தரவில்லை. குடும்பங்கள் எத்தனை என்பதையும் தந்தார்: 16,58,42,08,55,433. அவற்றுள் அரை வட்டத் திருப்பத்துக்கு மாறாத குடும்பங்கள் 6,08,233. வணிகவியல் படித்தவர் இம்மூன்று எண்களையும் பார்த்தவுடன் எழுதுகோலைத் தேடுவார். ஏனெனில் இவை தமக்குள் ஒத்துப்போக வேண்டும்.

மொத்தக் குடும்பங்களிலிருந்து சமச்சீரான 6,08,233ஐக் கழித்தால் 16,58,42,02,47,200. இவை எட்டு பேர் கொண்டவை. எட்டால் பெருக்கினால் 1,32,67,36,19,77,600. சமச்சீரானவை நால்வர் கொண்டவை. 6,08,233ஐ நான்கால் பெருக்கினால் 24,32,932. இரண்டையும் கூட்டுங்கள். 1,32,67,36,44,10,532. ஒரு ரூபாய் கூட வித்தியாசமின்றி ஐந்தொகை சமன்படுகிறது.

மொத்தத்தில் 13 லட்சம் கோடி இருந்தும், சமச்சீரான சுற்றுகள் 24 லட்சத்துச் சொச்சமே என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 55 லட்சம் சுற்றுகளில் ஒன்றுதான் அரைத் திருப்பத்துக்கு மாறாதது. கைவினைஞர்கள் தேடிச் செய்யும் அழகு, எண்ணிக்கையில் எவ்வளவு அரிது!

இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் மனத்திலேயே சரிபார்க்க நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தனர். எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, வந்ததன் இலக்கங்களை மீண்டும் கூட்டி, ஓர் இலக்கமாக்கிக்கொள்வது. அது அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் எஞ்சும் மீதியோடு ஒக்கும். இரண்டாம் ஆரியபட்டரின் ‘மகாசித்தாந்த’த்தில் இம்முறை காணப்படுகிறது. 16,58,42,02,47,200இன் இலக்கங்களின் கூட்டல் 41, அதாவது 5. எட்டால் பெருக்க 40, அதாவது 4. 6,08,233இன் கூட்டல் 22, அதாவது 4. நான்கால் பெருக்க 16, அதாவது 7. நான்கும் ஏழும் பதினொன்று; அதாவது 2. மறுபக்கம், மொத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 47, பிறகு 11, பிறகு 2. ஒத்துவிட்டது.

இந்த ஒன்பது வங்கியில் பணியாற்றுவோருக்குப் பழைய நண்பன். கணினி வருமுன் கிளைகளில் மாலை நேரக் கணக்கு முடியாதபோது, மூத்தவர்கள் முதலில் வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பர். மீதியின்றி வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஊகிப்பர். 5,481 என்பதை 5,841 என்று எழுதினால் வித்தியாசம் 360. ஒன்பதின் நாற்பது மடங்கு. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல், இடம் மாறிய இலக்கத்தை மட்டும் தேடினால் போதும். இன்று மென்பொருள் அனைத்தையும் சமன்செய்துவிடுவதால் புதிதாகச் சேரும் அலுவலர்களுக்கு இவ்வித்தையைக் கற்பிக்க வாய்ப்பு அமைவதில்லை.

சோதனைகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். மனம்போன போக்கில் எழுதிய எண்களில் நான்கில் ஒன்று நான்கால் வகுபட்டுவிடும். ஆகவே இச்சோதனையில் தோற்ற எண் நிச்சயம் தவறு; தேறிய எண் சரி என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டார்ட்மண்ட் அறிஞர்களின் விடை 94இல் முடியாமல் 96இல் முடிந்திருந்தால், பிழை இன்னும் சில காலம் மறைந்திருக்கக் கூடும். மெக்கேயின் எண்ணின் மீது நம்பிக்கை வலுப்பட்டது வேறு வழியில். வேகனர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் மெக்கேயின் எண்ணையே சரியானதாகத் தந்தார். முன்பு தவறான எண்ணை அறிவித்தவரே திருத்திய எண்ணைத் தம் நூலில் ஏற்று எழுதுவது, பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் மற்றொருவர் என்ற நம் வங்கி நடைமுறைக்கு ஒரு படி மேலானது.

உங்கள் பணப்பையில் உள்ள எண்

ஓர் எண் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்குமாறு அமைக்கலாம் என்ற கருத்து உங்கள் கையிலுள்ள அட்டையிலும் உள்ளது. பற்று அட்டை, கடன் அட்டை ஆகியவற்றின் எண்ணில் கடைசி இலக்கம் உங்களைப் பற்றிய செய்தி எதையும் சொல்வதில்லை. முன்னுள்ள இலக்கங்களைக் காவல் காப்பதே அதன் வேலை. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது.

அட்டை எண்ணை எடுத்துக்கொள்வது முறையன்று. 1729 என்ற எண்ணுக்கே காவல் இலக்கம் கண்டுபிடிப்போம். வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும்; இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 9ஐ இரட்டிக்க 18, அதாவது 9. அடுத்த 2 அப்படியே. 7ஐ இரட்டிக்க 14, அதாவது 5. கடைசியாக 1. கூட்டினால் 17. இருபதை எட்ட 3 தேவை. ஆகவே முழு எண் 17293. எவரேனும் அவசரத்தில் 71293 என்று தட்டினால் கூட்டல் 23 ஆகும், பத்தால் வகுபடாது, இயந்திரம் உடனே மறுத்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இம்முறை எப்போதும் பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும். 09 என்பது 90 ஆனால் மட்டும் ஏமாந்துவிடும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் நெதர்லாந்துக் கணிதர் வெர்ஹூஃப் 1969இல் வகுத்த முறையைச் சார்ந்தது. அது இந்த ஓட்டையையும் அடைக்கிறது.

ஆனால் காவல் இலக்கம் சொல்வது ‘இந்த எண் ஒழுங்காக அமைந்தது’ என்பதை மட்டுமே. ‘இது நீங்கள் நினைத்தவருடையது’ என்பதை அல்ல. பணம் அனுப்பும்போது இந்த வேறுபாடு பெரிது. நெஃப்ட் வழியாகவோ ஆர்டிஜிஎஸ் வழியாகவோ செல்லும் தொகை, பெறுபவரின் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கப்படும். நீங்கள் எழுதிய பெயரோடு அது ஒப்பிடப்படுவதில்லை. தவறான எண் வேறொருவரின் உண்மையான கணக்காக இருந்துவிட்டால் எந்தக் கணிதச் சோதனையும் குறுக்கே நிற்காது. மகளின் கல்லூரிக் கட்டணமோ, மருத்துவச் செலவுக்கான தொகையோ முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய் அமரும். இதனால்தான் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் வங்கிகள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. ‘உறுதி செய்’ என்பதை அழுத்துமுன் அப்பெயரைப் படியுங்கள். அதன் பின்னும் தவறு நேர்ந்துவிட்டால் பரிவர்த்தனை எண்ணுடன் உங்கள் கிளைக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்; பணம் எடுக்கப்படுமுன் செய்தி சென்று சேர்வது முக்கியம்.

இனிப் பலகைக்குத் திரும்புவோம். அங்கே இன்னும் ஒரு கணக்கு மீதமுள்ளது. குதிரைச் சுற்றைத் தொடக்கக் கட்டத்துக்குத் திரும்பாமலும் முடிக்கலாம். தேசிகர் காட்டிய நடை அத்தகையதே; நான்கு வரிசை மட்டும் கொண்ட பலகையில் மூடிய சுற்று அமையவே அமையாது. எட்டுக்கு எட்டுப் பலகையில் தொடக்கத்தையும் திசையையும் கணக்கில் கொண்டு, 64 கட்டங்களையும் கடக்கும் எல்லா நடைகளையும் எண்ணினால் எத்தனை? 2014இல் அலெக்சாண்டர் செர்னோவ் கணக்கிட்ட விடை:

19,59,18,28,17,09,79,904

ஏறத்தாழ 196 கோடி கோடி. இந்த எண் எதனால் வகுபட வேண்டும் என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். திருப்பினாலோ கண்ணாடியில் காட்டினாலோ ஒரு நடை தன்னைப் போலவே தோன்ற வேண்டுமானால், அதன் இரு முனைகளும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அப்படியானால் நடையின் நடுவிலுள்ள 32ஆம் கட்டமும் 33ஆம் கட்டமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். அவற்றின் இடையே இருப்பது ஒரு குதிரைத் தாவல்: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. ஆனால் அரை வட்டத் திருப்பத்தில் இடம் மாறும் கட்டங்களுக்கு இடையிலான தூரம் இரு பக்கமும் ஒற்றைப்படை. கண்ணாடிப் பிம்பத்தில் அவை ஒரே வரிசையிலோ, ஒரே மூலைவிட்டச் சாய்விலோ இருக்கும். இவற்றுள் எதிலும் குதிரைத் தாவலுக்கு இடமில்லை. கால் வட்டத் திருப்பம் இரண்டே முனைகள் கொண்ட நடைக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆகவே திறந்த நடைகளில் சமச்சீர் என்பதே கிடையாது. ஒவ்வொன்றும் எட்டுத் தோற்றம், இரண்டு திசை: பதினாறு பேர் கொண்ட குடும்பம்.

பதினாயிரம் பதினாறால் வகுபடும். எனவே இறுதி நான்கு இலக்கங்களைப் பார்த்தாலே போதும். செர்னோவின் எண்ணில் அவை 9,904. ஒரு தாளில் 9,904ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள்.